யார் சாண்?

லாரிக் கதவில் ஒடுக்கு விழுந்தால் அதை எடுத்துக் கொடுக்க என்ன கூலி கேட்பது? இந்தக் கேள்விக்கு மலையடிவாரத்துக் காரவள்ளியில் இரண்டு பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த பதிலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இருவரில் ஒருவர் என் வீட்டுக்காரர். ஆகவே நான் யாரோ எவரோ என்று ஒதுங்கி நின்று சிரிக்கவும் முடியாது.

கொல்லிமலைக்கு ரோடு வெட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காண்ட்ராக்டரின் லாரிகள் ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு, பாதி வெட்டிய வளைவுகளில் முக்கி முனகி ஏறும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எந்த டிரைவரும் பாறைப் பக்கமாகத்தான் ஒதுங்குவான். அதனால் மலை இறங்கி வரும் லாரிகளில் ஒன்றுகூட முழு முகத்தோடு வராது. சக்கரத்துக்கு மேல் இருக்கும் மட்காடு நசுங்கியிருக்கும், கதவு குழிந்திருக்கும். அந்தக் குழியைத்தான் நாங்கள் ஒடுக்கு என்போம். அதை நம்பித்தான் சேலத்திலிருந்து வந்து, ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டுத் தகரப் பட்டறை வைத்தோம்.

சேலத்தை விட்டு வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அங்கே தன் அண்ணன் பட்டறையில் கூலிக்கு வேலை செய்தார். நான் அண்ணன் வீட்டு அடுப்படியில் கூலியில்லாமல் வேலை செய்தேன். பதினொரு பேருக்குச் சமையல். அரிசியை மட்டும் என் ஓரகத்தி, அதாவது அண்ணன் மனைவி, தன் கையால்தான் அளந்து போடுவாள். ஆளுக்கு இரண்டு பிடி என்பது அவள் கணக்கு. அவள் பிள்ளைகளுக்குப் போடும்போது அந்தப் பிடி விரியும், எங்களுக்குப் போடும்போது மடங்கும். கேட்டால், "ரெண்டு பிடிதானே போட்டேன், எண்ணிப் பாத்துக்கோ" என்பாள். எண்ணினால் இரண்டுதான். மூன்று வருஷம் அந்த இரண்டு பிடியைத் தின்றுவிட்டுத்தான் நான் காரவள்ளி பஸ் ஏறினேன். கிளம்பும்போது அண்ணன்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போயிட்டு வாங்க. ஆறு மாசத்துல திரும்பி வருவீங்க. ஊட்டுக் கதவு தொறந்துதான் கெடக்கும்."

திறந்து கிடக்கும் அந்தக் கதவுதான் எனக்குப் பயம். பட்டறை படுத்தால் நாங்கள் போவதற்கு அதைவிட்டால் வேறு இடம் கிடையாது.

இனி கூலி. ஒடுக்கு எத்தனை சாண் நீளமோ அத்தனை ரூபாய். ஏன் ரூபாய் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அண்ணன் கடையில் அதுதான் என்றார். அண்ணன் ஏன் ரூபாய் வைத்தார் என்றால், அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் வைத்தாராம். அவர் ஏன் வைத்தார் என்று கேட்க அவர் உயிரோடு இல்லை. இப்படித்தான் ஊரில் ஒரு தொழிலுக்குக் கூலி நிர்ணயமாகிறது! கரிக்கு என்ன செலவு, பற்றவைக்கும் காஸுக்கு என்ன செலவு, ஒரு ஒடுக்கை எடுக்க எவ்வளவு நேரம் குனிந்து நிற்க வேண்டும் என்று ஒரு மனிதனும் யோசித்ததில்லை. ரூபாய் என்றால் சில்லறை தேட வேண்டாம், அவ்வளவுதான் அதன் தத்துவம்.

அவர் வேலையில் குறை சொல்ல மாட்டேன். அவர் தட்டி எடுத்த தகரத்தைத் தடவிப் பார்த்தால் அடிபட்ட இடம் தெரியாது. ஆனால் தன் கையைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அது எனக்குத் தாங்காது. கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை விரித்தால் தோசைக்கல்லை மூடிவிடும் கை. லாரியில் அதை விரித்து விரித்து வைத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்க எண்ணுவார். பெரிய கை வைத்து அளந்தால் சாண் குறையும், சாண் குறைந்தால் கூலி குறையும் என்பது அந்த மகானுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். எதிரில் ஒருவன் வந்து கடை போட்டான், அப்புறம்தான் கண் திறந்தது.

அவன் நாமக்கல் பக்கத்து ஆள். எங்களுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டான். வாசலில் பலகை வைத்தான்: 'ஒடுக்கு எடுக்க சான் முக்கால் ரூபாய்.' சாண் என்று எழுதத் தெரியவில்லை. கூலியில் கால் பங்கு குறைத்தவன் எழுத்திலும் ஒரு சுழி குறைத்திருந்தான். ஐந்தாம் வகுப்பு படித்த கர்வத்தில் நான் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் காலையில் எங்கள் கொட்டகைக்கு ஒரு லாரிகூட வராதபோது சிரிப்பு நின்றது.

டிரைவர்களை அவன் ரோட்டில் நின்றே மறிப்பான். "ஏனுங்க, அங்க ஒரு ரூபா, இங்க முக்கா ரூபா. கண்ணுல தெரியுதில்லீங்க?" என்பான். கண்ணில் தெரிந்தது. எங்கள் கடையில் டீ வாங்கிக் குடித்தவன், என் கையால் மோர் வாங்கிக் குடித்தவன் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

வேலை இல்லாததால் அவன் அளப்பதை வேடிக்கை பார்க்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஒரு நாள் ஒரு மட்காடு வந்தது. அதை அதற்கு முந்தின நாள்தான் என் வீட்டுக்காரர் அளந்து ஆறு சாண், ஆறு ரூபாய் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதே மட்காடை அவன் அளந்தான். விரலை விரிக்காமல், ஏதோ முட்டையைப் பிடித்திருப்பது போலக் கையை வைத்துக்கொண்டு அளந்தான். எட்டு சாண் வந்தது. எட்டு முக்கால் எவ்வளவு? ஆறு ரூபாய்! அந்த டிரைவர் ஆறு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கம் பார்த்து, "முக்கா ரூபாதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். நாற்பது மைல் தூரம் இவனை நம்பி லாரியைக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு அப்போது தோன்றியது.

அவன் கை மடங்கியதைப் பார்த்ததும் எனக்கு என் ஓரகத்தியின் பிடி ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நா என்ன கையைச் சுருக்கிட்டா பொறந்தேன்? எஞ்சாணு எஞ்சாணுதான்" என்றார்.

ஒரு மாதம் அந்தப் பெரிய கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் மெதுவாக, "அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெக்கலாமா?" என்று ஆரம்பித்தார். எனக்கு அந்தத் திறந்த கதவு கண்முன் வந்தது. அளக்கும் கையையே மாற்றும் யோசனை என் வாயிலிருந்து வந்தது அப்போதுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யார் தலையிலும் பழி போட முடியாது.

"உங்க கையை ஆருங்க சுருக்கச் சொன்னது? எங்கையை வெச்சு அளங்க" என்றேன்.

என் கை சின்னக் கை. வளையல்காரன் எப்போதும் சிறு பிள்ளைகளுக்கான கூடையிலிருந்துதான் எனக்கு வளையல் எடுப்பான். அந்த மட்காடை என் கையால் அளந்திருந்தால் ஒன்பதரைச் சாண் வரும். நயா பைசா வந்து வருஷமாகியும் எங்கள் பக்கம் அணாவில்தான் பேச்சு. சாண் பத்தணா என்று பலகை எழுதினேன், மூன்று சுழி ணகரம் போட்டு. ரூபாய்க்குப் பதினாறணா கணக்கில் ஒன்பதரைப் பத்தணா, ஆறு ரூபாய்க்கு ஓரணா குறைச்சல். மறுநாளே லாரிகள் திரும்பி வந்தன. டீ குடித்தவன் வந்தான், மோர் குடித்தவனும் வந்தான். "இப்பத்தான் நாயமா வந்தீங்க" என்று எனக்குப் பாராட்டு வேறு. ஒரு பொம்பளை நடு ரோட்டில் வளையல் குலுங்க லாரி மட்காடு மேல் கை வைத்து எண்ணுவதை வாயைப் பிளந்து பார்த்தார்கள். என் கையின் அளவை ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் மட்டும் கொட்டகைக்குள் போய் எதையாவது தேடுவார்.

எதிர்க்கடைக்காரன் சும்மா இருப்பானா? ஒரே வாரத்தில் ஊருக்குப் போய்த் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வற்றிப்போன கிழவி. சுண்டு விரலில் நுனி வேறு கிடையாது, சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் பட்டுப் போனதாம். இப்படி ஒரு கையைத் தேடிப் பிடித்தானே, அந்த மூளையை வேலையில் காட்டியிருந்தால் எங்கள் பட்டறையை எப்போதோ மூட வைத்திருப்பான். பலகை மாறியது: சான் எட்டணா. அந்தக் கையால் அளந்தால் மட்காடு பன்னிரண்டு சாண் வரும். பன்னிரண்டு எட்டணா எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நானும் எட்டணாவுக்கு இறங்கி, விரலை மடக்கிப் பன்னிரண்டு வரவழைத்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கிழவி. இரண்டு பேரும் அடுத்தவள் கை எவ்வளவு மடங்குகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் நின்ற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பலகையை மட்டும் படித்தார்கள்.

கேட்டது ஒரே ஒரு ஆள். வளப்பூர் நாட்டு மலைக்காரர். மிளகு விற்று, ஒரு ஓட்டை ஜீப்பை வாங்கி வைத்திருந்தார். வெட்டிய ரோடு எதுவரையோ அதுவரை அதை ஓட்டுவார். அதன் கதவு பாறையில் இடித்து உள்ளே போயிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலைக்காரர் என்றாலே ஒரு இளக்காரம், எனக்கும் இருந்தது. இவருக்குப் பதிமூன்று சாண் சொன்னாலும் தெரியவா போகிறது என்று விரலை நன்றாகவே மடக்கி எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது சாணில் நிறுத்தினார்.

"இது யாரு சாணுங்க அம்மிணி?"

"எஞ்சாணுதானுங்க. ஏன்?"

"வேலை செய்யறது உங்க ஊட்டுக்காரரு. அளக்கறது நீங்களா?" சிரித்தார். "எங்க மொளகுக்கும் சந்தையில இப்படித்தானுங்க. வாங்கறப்ப ஒரு வள்ளம், விக்கறப்ப ஒரு வள்ளம். அதான் நா எங்க ஊட்டு வள்ளத்தையே தோள்ல போட்டுக்கிட்டு வாறது."

வள்ளம் என்பது தானியம் அளக்கும் படி. இந்த மனிதர் அந்த மரப் படியை மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வருவதைச் சந்தையில் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். இப்போது என் முகம் சுட்டது. "இஷ்டமிருந்தா பண்ணுங்க, இல்லாட்டி எதுத்தாப்புல போங்க" என்றேன், விறைப்பாக. அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். கிழவியின் கையைப் பார்த்தார். "ஒடுக்கோடவே ஓட்டிக்கறேனுங்க" என்று சொல்லி, கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குக் கொஞ்ச நாளில் காண்ட்ராக்டரின் மேனேஜர் ஆள் அனுப்பினார். ரோடு முடிகிற வரைக்கும் எல்லா லாரிகளின் தகர வேலையையும் ஒரே பட்டறைக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். மறுநாள் நேரில் வந்து முடிவு செய்வாராம். விளங்கிவிட்டது. யாருக்குக் கிடைக்கிறதோ அவர்கள் இருப்பார்கள், மற்றவர் கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், தட்டில் இருந்தது எத்தனை பிடி என்று பார்த்துக்கொண்டே.

மேனேஜர் காலையில் ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, பையில் இரண்டு பேனா. அவ்வளவு படித்தவர் செய்த முதல் காரியம், இரண்டு பலகையையும் படித்தது. எதிர்க்கடைக்காரன் விடிந்ததும் விடியாததுமாகப் பலகையை அழித்து ஏழணா ஆக்கியிருந்தான்.

"அங்க ஏழணா, இங்க எட்டணா. இதுல யோசிக்க என்ன இருக்குது?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ரோட்டைக் கடந்தார்.

அவ்வளவுதான், முடிந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சுத்தியல்களைப் பெட்டியில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். இரும்பு ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற சத்தம் எனக்குச் சேலத்து அடுப்படிப் பாத்திரச் சத்தம் போலவே கேட்டது. வெட்கம் மானம் எல்லாம் எங்கே போனதோ, ரோட்டுக்கு ஓடினேன்.

"ஏழணா யாரு சாணுக்குன்னு கேட்டீங்களா?" என்று கத்தினேன்.

மேனேஜர் திரும்பினார். "என்னம்மா சொல்ற?"

"அந்தம்மா கையைக் காட்டச் சொல்லுங்க."

கிழவி கையை முந்தானைக்குள் மறைத்தாள். நான் விடவில்லை. பிடித்து இழுத்து அங்கே நின்ற லாரியின் மட்காடு மேல் வைத்தேன். பிறகு உள்ளே ஓடி, என் வீட்டுக்காரரின் கையை இழுத்து வந்து அதன் பக்கத்தில் விரித்து வைத்தேன். அவர் ஒரு சாணில் அவள் இரண்டு சாண் அடங்கியது. கூடி நின்ற டிரைவர்கள் இதைக் காணாததைக் கண்டது போலப் பார்த்தார்கள். எத்தனை மாதம் இந்த மகராசர்கள் கண்ணெதிரே இதே கை விரிந்து மடங்கியது!

கிழவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. "நீயும் அதத்தானே பண்ணுனே, கண்ணு?" என்றாள்.

அத்தனை பேர் நடுவில் என் கையையும் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஆமாங்க" என்றேன்.

மேனேஜர் மூன்று கைகளையும் பார்த்தார். பலகையைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர் என்று அவரை நினைத்தேனே, அங்கேதான் நான் ஏமாந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்பச் செரி. சாணு உங்க ஊட்டுக்காரரோடது. ரேட்டு அவங்களோடது. ஏழணா. ரோடு முடியற வரைக்கும். ஆகுமா?"

என் வீட்டுக்காரர் ஆறு ரூபாய் கேட்ட மட்காடுக்கு இனிமேல் இரண்டே முக்கால் ரூபாய்கூட வராது. அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் அந்தப் பார்வை சொன்னது. எனக்குப் புரியாமல் இல்லை.

"ஆகுங்க" என்றேன் நான்.

ஜெயித்தோம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரன் மாதம் முடிவதற்குள் கொட்டகையைப் பிரித்தான். வண்டியில் ஏறும்போது அந்தக் கிழவி என்னைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினாள், நாலரை விரல். ஆசீர்வாதமா சாபமா என்று நான் போய்க் கேட்கவில்லை.

அந்தக் கூலியில் வேலைக்கு ஆள் வைக்க முடியாது. ஒடுக்கை வெளியிலிருந்து தட்டும்போது, தகரத்துக்குப் பின்னால் ஒரு இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு இருந்த ஆளை நிறுத்தினோம், அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் அடிக்கும் ஒவ்வொரு அடியும் தகரத்தைத் தாண்டி, இரும்பைத் தாண்டி, என் உள்ளங்கைக்குள் வந்து இறங்கும். என்னவோ அவருடைய பெரிய கை என்று இளப்பமாகப் பேசினேனே, அதன் பலம் என்னவென்று அப்போது தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தேன். அவர் அன்றைய 'ஆகுங்க'வைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சேலத்துக்கும் நாங்கள் திரும்பவில்லை. அந்தக் கதவு யாருக்காகத் திறந்து கிடந்ததோ, கிடக்கட்டும்.

ரோடு முடிந்து முதல் பஸ் விட்டபோது ஊரே ஏறியது. மாலை போட்டு, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, ரோட்டை ஏதோ தாங்கள்தான் வெட்டியது போல எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்களும் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் பாறையைப் பார்க்கும்போது, இதில் இடித்தது எந்த லாரி, எத்தனை சாண் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாதி மலையில் ஒரு நிறுத்தத்தில் அந்த வளப்பூர் நாட்டுக்காரர் ஏறினார். தோளில் அதே வள்ளம். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு ஒரே சிரிப்பு.

"சாணு அம்மிணிங்களா! ஜீப்புக் கதவு இன்னும் ஒடுக்காவேதான் கெடக்குதுங்க. எங்க, அந்தக் கையைக் கொஞ்சம் விரிங்க பாக்கலாம்."

அவர் கேலிக்குத்தான் கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே முன் சீட்டுக் கம்பிமேல் கையை வைத்தேன்.

"இன்னுமா மடக்கறீங்க? இப்ப யாருங்க கூலி கேக்கப்போறா, நல்லா விரிங்க அம்மிணி" என்றார்.

இரும்பைத் தாங்கித் தாங்கிக் கட்டை விரல் மூட்டு வீங்கி, எப்போதோ இறுகிப் போயிருந்தது.

"விரிச்சுத்தானுங்க இருக்குது" என்றேன்.